என் நாய் கடிக்காது!

சென்ற திங்கள் நம் மன்றத்தின் மாலைக் கூட்டத்தில், "ஊருக்கு ஒரு நாய்ப் பூங்கா வேண்டும்" என்று நான் சொன்னபோது எழுந்த சிரிப்பொலி இன்னும் என் செவியில் இருக்கிறது. "மனிதனுக்கே பூங்கா இல்லை, நாய்க்குப் பூங்காவா?" என்றார் ஒரு நண்பர். "நாய்க்கு ஒரு நூல்நிலையமும் கேட்டுவிடலாமே!" என்றார் மற்றொருவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் பேருந்தில் அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போய்விட்டது. நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை அன்று சொல்லவில்லை. இன்று சொல்லுகிறேன். சிரித்த நண்பர்கள் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

என் ஊர் ஆரியங்கோடு. பிறந்த ஊர் அன்று. வாழ வந்த ஊர். நெய்யாறு ஓடும் பக்கத்தில், ரப்பர்த் தோட்டங்களும் மரச்சீனி விளைகளும் சூழ்ந்த சிற்றூர். வெள்ளறடையைத் தாண்டிப் பனச்சமூட்டுக்குப் போனால் தமிழ்நாடு வந்துவிடும். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. ஆகவே இங்கே சந்தையில் இரண்டு மொழியும் கலந்தே புழங்கும். எனக்கு ஆறு வயதாக இருக்கையில் அப்பா எங்களை அழைத்துக்கொண்டு கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்தார். வந்த முதல் நாள் பக்கத்து வீட்டார், "எந்த ஊர்?" என்று கேட்க, அப்பா "கோவில்பட்டி" என்றார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. நாயோடு எங்களுக்கு ஏற்பட்ட உறவு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்!

அப்பாவுக்குத் தவணை வியாபாரம். எவர்சில்வர்ப் பாத்திரங்களை வண்டியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். வாரந்தோறும் பணம் பிரிப்பார். ஊரார் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைப்பார்கள். வாயிற்கதவில் "பட்டியுண்டு, சூக்ஷிக்குக" என்று பலகை தொங்கும் வீடுகளுக்கெல்லாம் அவர் போயாக வேண்டும். உள்ளே நாய் குரைக்கும். வீட்டுக்காரர் திண்ணையிலிருந்தபடியே, "கடிக்கில்ல அண்ணாச்சி, பேடிக்கண்டா" என்பார். அதாவது, கடிக்காது, பயப்பட வேண்டாம். அந்தச் சொல்லை நம்பி உள்ளே போன அப்பாவை இரண்டு முறை நாய் கடித்திருக்கிறது. இரண்டு முறையும் கடித்தது 'கடிக்காத' நாய்தான். "கடிக்கும் என்று சொல்லும் வீட்டில் எனக்குப் பயமே இல்லை, அவர்கள் நாயைக் கட்டிப் போட்டிருப்பார்கள்" என்று அப்பா சொல்லுவார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் இந்த ஒரு செய்தியில் முதுகலை விலங்கியல் படிக்கும் அவர் மகளைவிட அவருக்குத்தான் அறிவு மிகுதி என்பதைச் சென்ற ஆண்டு உணர்ந்தேன்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தோம். நல்ல நாய், அன்பான நாய். ஒரு நாள் மாலை அதை ஆற்றோரத் திடலுக்கு அழைத்துச் சென்றேன். பிள்ளைகள் பந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். "பாவம், ஓடட்டுமே" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அயல்வீட்டுச் சிறுவன், ஏழு வயதிருக்கும், சற்றுத் தயங்கி நின்று, "சேச்சி, பட்டி கடிக்குமோ?" என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே, "கடிக்கில்ல மோனே" என்றேன். பந்து உருண்டது. சிறுவன் ஓடினான். மணியும் ஓடியது. அடுத்த கணம் சிறுவனின் கெண்டைக்காலில் இரத்தம்.

யாரோ காப்பிப்பொடி கொண்டு ஓடிவந்தார்கள். அப்பா அதைத் தடுத்துச் சிறுவனைக் குழாயடிக்குத் தூக்கிச் சென்று, சோப்புப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவினார். பிறகு ஆட்டோவில் மருத்துவமனை. காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்து, தோளில் தடுப்பூசி, பின்னர் 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என மேலும் மூன்று முறை. அன்றிரவு அப்பா என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார். "மணிக்கு இந்த வருஷ ஊசி போட்டாச்சா?" நாள் கடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தேர்வு இருந்தது, ஆகவே தள்ளிப் போட்டேன் என்றேன். "அந்தப் பையன் கேட்டதுக்கு நீ என்ன சொன்ன, தாயி?" நான் விடை சொல்லவில்லை. அவருக்கு விடை தெரியும்.

நாய் கடித்தால் அதைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் அது நலமாக உயிரோடிருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் வெறிநோய் நுண்ணுயிர் இல்லை என்று பொருள். இதை நான் நூலில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். ஆனால் அந்தப் பத்து நாள் எவ்வளவு நீளமானவை என்பது எந்த நூலிலும் இல்லை. விடியும் முன்னே எழுந்து மணி தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பேன். அப்பா அந்தப் பத்து நாளும் மாலையில் அயல்வீட்டுக்குப் போய், முற்றத்தில் நின்றபடியே, "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டு வருவார். பதினேழு ஆண்டு அந்தத் தெருவில் நிமிர்ந்து நடந்தவர், என் ஒரு சொல்லால் கைகட்டி நின்றார். சிறுவன் நலமடைந்தான், மணியும் நலம். ஆனால் "கடிக்கில்ல" என்ற சொல் என் வாயில் அதற்குப் பிறகு வரவில்லை.

நண்பர்களே, வெறிநோயின் கொடுமையை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மாள்கின்றனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதருக்கு இந்நோய் வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாயின் வழியாகத்தான். நுண்ணுயிர் காயத்திலிருந்து நரம்பு வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. அதற்குள் தடுப்பூசி முந்திக்கொண்டால் உயிர் பிழைக்கலாம். நோய்க்குறி தோன்றிவிட்டாலோ பிழைத்தவர் மிக மிக அரியர். 1885 ஜூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இந்த ஊசியைப் போட்டார். 1907இல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. நூற்று நாற்பது ஆண்டு கடந்த பின்னும் மனிதர் இந்நோயால் சாகிறார்கள் என்றால், குறை மருந்தில் இல்லை. நம் ஆயத்தத்தில் இருக்கிறது.

இப்போது பூங்காவுக்கு வருவோம். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1979இல் ஓலோன் நாய்ப் பூங்கா தொடங்கியது. நம் நாட்டில் ஐதராபாத்து மாநகராட்சி 2018இல் கொண்டாப்பூரில் சுமார் 1.3 ஏக்கர் நிலத்தில் ஒன்றை அமைத்தது. இத்தகைய பூங்காவின் அமைப்பைக் கவனித்தால் அதன் கருத்து விளங்கும். சுற்றிலும் வேலி. வாயில் ஒன்றன்று, இரண்டு. ஒன்றை மூடிய பிறகே மற்றொன்றைத் திறக்கலாம். இரண்டுக்கும் இடையில் நின்று நாயின் கயிற்றை அவிழ்க்க வேண்டும். பெரிய நாய்க்கு ஓரிடம். சிறிய நாய்க்கு வேறிடம். இது நாய்க்குக் கொடுக்கும் ஆடம்பரமா? அன்று. நாய் ஓடாமல் இருக்க முடியாது. ஓடுவது அதன் இயல்பு. அந்த ஓட்டத்தை வேலிக்குள் வைத்தால், வேலிக்கு வெளியே பந்து விளையாடும் சிறுவனும், பாத்திரம் விற்கும் அண்ணாச்சியும் அச்சமின்றி நடக்கலாம். ஆகவே நாய்ப் பூங்கா நாய் வளர்ப்போருக்காக மட்டும் அன்று. நாய் வளர்க்காதவர்களுக்காகவே அது முதலில் தேவை. இதுதான் அன்று நான் மன்றத்தில் சொல்ல நினைத்தது.

ஆனால் வேலி மட்டும் போதாது. பூங்காவுக்குப் போவோர் ஆயத்தமில்லாமல் போனால் பூங்காவே போர்க்களமாகும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மக்கள் உலவும் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தியை நாடே படித்தது. அங்கே இல்லாமற்போனது பூங்கா அன்று, கயிறும் வாய்மூடியும். எனவே பூங்காவானாலும் ஆற்றோரத் திடலானாலும் நாயுடன் வெளியே கிளம்புமுன் செய்ய வேண்டியவற்றை, பட்டு அறிந்தவள் என்ற உரிமையில், வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதல் ஆயத்தம் வீட்டில், பல நாள் முன்பே தொடங்குவது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு கால்நடை மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நாளில், ஒரு நாளும் தள்ளாமல், ஆண்டுதோறும். தேர்வு இருக்கலாம், திருமணம் இருக்கலாம். ஊசி நாள் தள்ளக் கூடாது. பார்வோ போன்ற குடல்நோய்களுக்கான தடுப்பூசி முடியாத குட்டியைப் பல நாய்கள் கூடும் இடத்துக்குக் கொண்டு போகவே கூடாது. அந்நுண்ணுயிர் மண்ணில் நெடுநாள் உயிரோடிருக்கும். குடற்புழு மருந்தும் காலத்தில் கொடுக்க வேண்டும். கேரளத்தில் நாய் வளர்க்க ஊராட்சியின் உரிமம் வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு விதிகள் சொல்லுகின்றன. என் தெருவில் எத்தனை பேர் அதைப் பெற்றிருக்கிறார்கள் என்று எண்ண ஒரு கை விரல்கள் மிகுதி. நாங்களும் பையன் கடிபட்ட பிறகே பெற்றோம்; வெட்கத்தோடுதான் சொல்லுகிறேன்.

இரண்டாவது, கூப்பிட்டால் வரப் பழக்குவது. கூப்பிட்டதும் வராத நாயின் கயிற்றை அவிழ்ப்பது, தடை இல்லாத வண்டியை மலைச்சரிவில் விடுவது போன்றது. உணவுக்கு முன் ஓர் ஒலியைத் தொடர்ந்து எழுப்பி வந்தால், அந்த ஒலிக்கே நாயின் வாயூறும் என்று காட்டியவர் உருசிய அறிஞர் பாவ்லாவ். செரிமான ஆராய்ச்சிக்காக 1904இல் நோபெல் பரிசு பெற்றவர். அதே வழியில், பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம் ஒரு துண்டு கருவாடோ ஒரு தட்டிக்கொடுத்தலோ கிடைத்தால் நாய் ஓடி வரும். நம்மில் பலர் செய்வது என்ன? தவறு செய்த நாயைக் கூப்பிட்டு, வந்ததும் அடிக்கிறோம். நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: கூப்பிட்டால் போகக் கூடாது!

மூன்றாவது, புறப்படும் நாளின் ஆயத்தம். வெயில் தாழ்ந்த நேரம் பார்க்க வேண்டும். நம்மைப் போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிர நாயால் முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியே அது தன் சூட்டைத் தணிக்கிறது. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. கழுத்துப்பட்டை உறுதியானதா, தலை வழியே கழன்றுவிடாதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். அதில் நம் தொலைபேசி எண் பொறித்த தகடு ஒன்று தொங்கட்டும். குடிதண்ணீரும் ஒரு கிண்ணமும், கழிவை அள்ளப் பழைய தாளும் பையும் கையில் இருக்கட்டும். கழிவை அள்ளுவது இழிவன்று. அதிலுள்ள புழுக்களின் முட்டையும் குஞ்சும் மண்ணில் தங்கி, வெறுங்காலோடும் வெறுங்கையோடும் விளையாடும் குழந்தைகளைப் பற்றும். அள்ளாமல் வருவதே இழிவு. நோயுற்ற நாயையும், இணைப்பருவத்திலுள்ள பெண்நாயையும் அன்று வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

நான்காவது, பூங்காவுக்குள் கண் விழித்திருப்பது. வாலை ஆட்டும் நாயெல்லாம் மகிழ்ந்திருக்கும் நாய் அன்று. உடல் விறைத்து, பிடரி மயிர் சிலிர்த்து, கண்ணின் வெள்ளை தெரிந்தால் அது எச்சரிக்கை. முன்னங்காலைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி, வணக்கம் சொல்வது போல் நின்றால் அது விளையாட்டு அழைப்பு. கட்டவிழ்ந்த நாய்களின் நடுவே ஒரு நாயை மட்டும் கயிற்றில் பிடித்து நிறுத்தினால் அது தப்ப வழியில்லை என்று அஞ்சிக் கடிக்கும். ஆகவே அவிழ்ப்பதானால் இரட்டை வாயிலின் இடையிலேயே அவிழ்க்க வேண்டும். தின்பண்டத்தையும் பந்தையும் பல நாய்கள் இருக்கும் இடத்தில் வெளியே எடுக்கக் கூடாது. சண்டை அவற்றிலேதான் பிறக்கும். சண்டை மூண்டால் நடுவே கையை நுழைக்காமல், தண்ணீரை வீசியோ பேரொலி எழுப்பியோ பிரிக்க வேண்டும். குழந்தைகளுக்கும் ஒரு பாடம் உண்டு: நாய் துரத்தினால் ஓடாதே, கையை ஒடுக்கி, மரம் போல் நில். ஓடுவதைத் துரத்துவது நாயின் இரத்தத்தில் ஊறியது. இதை அன்றே அந்தச் சிறுவனுக்கு நான் சொல்லியிருக்கலாம். "கடிக்காது" என்ற பொய்யைச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரமே அதற்கும் போதும்.

வீடு திரும்பியதும் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்து எடுத்தால் அன்றைய உலா இனிதே முடிந்தது.

"இதெல்லாம் வளர்ப்பு நாய்க்கு, தெருநாய்க்கு என்ன வழி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துப் புல்லுவிளைக் கடற்கரையில் முதிய பெண்மணி ஒருவர் தெருநாய்க் கூட்டத்துக்கு இரையானதை நாங்கள் மறக்கவில்லை. 2023இல் மைய அரசு கருத்தடை விதிகளைப் புதுப்பித்தது. 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களை அவை இருந்த இடத்திலேயே விடலாம் என்றும், வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் இதில் சேரா என்றும் ஆணையிட்டது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் ஆகியவற்றினின்று தெருநாய்களை அகற்றச் சொன்னது. அந்தப் பெரும்பணி அரசுக்கும் ஊராட்சிக்கும் உரியது. ஆனால் தெருநாயின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் அங்கேயும் ஒரு வீட்டு வாயில் தெரியும்: வேண்டாமென்று கொண்டுவிடப்பட்ட குட்டி, கருத்தடை செய்யாமல் அலையவிட்ட பெண்நாய். என் மணியும் அப்படித் தெருவுக்கு வந்ததுதான். வீட்டு நாயை ஒழுங்காக வைப்பதே தெருநாயைக் குறைக்கும் முதற்படி.

"ஐதராபாத்துக்குப் பணம் உண்டு, ஆரியங்கோட்டுக்கு ஏது?" என்பீர்கள். கோடி ரூபாய் வேண்டியதில்லை. ஊராட்சித் திடல்களில் ஒரு மூலையைக் கம்பி வேலியிட்டு, இரட்டை வாயில் வைத்து, ஒரு தண்ணீர்த் தொட்டி அமைத்தால் போதும். அதற்கும் வழியில்லையேல், பிள்ளைகள் வராத விடியற்காலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி அறிவிக்கலாம். உரிமமும் ஊசி அட்டையும் காட்டியவர்க்கே அனுமதி என்று ஒரு விதி வைத்தால், பூங்கா ஆசையிலேனும் நாலு பேர் ஊசி போடுவார்கள். ஆண்டுக்கொரு முறை அதே திடலில் தடுப்பூசி முகாம் நடத்தலாம். நம் மன்றத்து அறிவியல் மாணவர்கள் அன்று போய் நின்று, சோப்பும் தண்ணீரும் பதினைந்து நிமிடமும் என்பதை இரண்டு மொழியிலும் எடுத்துச் சொல்லலாம். இரண்டு மொழியும் தெரிந்த நம்மை விட்டால் எல்லையூருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஆநிரை காக்கப் போரிட்டு மாண்ட வீரனோடு, அவன் வளர்த்த கோவிவன் என்னும் நாய்க்கும் அதில் உருவமும் பெயரும் உண்டு. நாய்க்குக் கல் நட்ட நாடு இது. நாய்க்குப் பூங்கா என்றதும் நகைக்கலாமா? ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கோவிவன் கல்லில் நின்றது வாலாட்டியதற்காக அன்று, கள்வரைக் கடித்ததற்காக. நாய்க்குப் பல் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்தே வளர்த்தார்கள். நாம்தான் மறந்துவிட்டு, "என் நாய் கடிக்காது" என்கிறோம்.

நாயால் ஏற்படும் தீங்கைத் தடுக்கக் கவனம் கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதையின் 291ஆம் பிரிவு. அந்தச் சட்டம் என்னை நாடி வரவில்லை. அயல்வீட்டார் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்கள். என் தண்டனை, அந்தப் பத்து மாலையும் முற்றத்தில் நின்ற அப்பாவின் முதுகைச் சன்னல் வழியே பார்த்ததுதான்.

இப்போதும் மணியோடு ஆற்றோரம் போகிறேன். ஊசி அட்டை பையில், கயிறு கையில். அந்தச் சிறுவன் தொலைவில் நின்று ஒரு நாள் மீண்டும் கேட்டான்: "சேச்சி, பட்டி கடிக்குமோ?"

"கடிக்கும், மோனே. அதனால்தான் நான் பிடித்திருக்கிறேன்" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். பிறகு இரண்டடி அருகில் வந்தான்.